ஒதுக்குத் தொட்டி: தெரிவும் அமைப்பும்

1987ஆம் ஆண்டின் கடைசியில் இலங்கையின் நன்னீர் நிலைகளில் விரால், குறவை, கெண்டை முதலிய மீன்கள் மேனியெங்கும் செம்புண் கண்டு, சதை கரைந்து, கரையோரங்களில் ஒதுங்கத் தொடங்கின. 1971இல் ஜப்பானிலும் 1972இல் அவுஸ்திரேலியாவிலும் முதன்முதலாகக் காணப்பட்டு, தென்கிழக்காசிய நாடுகளின் ஊடாகப் படிப்படியாக மேற்கு நோக்கி நகர்ந்து, நம் நாட்டை அடைந்த மறு வருஷமே இந்தியாவிலும் பங்களாதேஷிலும் புகுந்த அந்த ரோகத்துக்கு, அஃபனோமைசிஸ் இன்வடான்ஸ் என்னும், பூஞ்சணத்தை ஒத்த ஒரு நீர்வாழ் நுண்ணுயிரே காரணம் என்பது பிற்பாடு நிலைநாட்டப்பட்டது. நன்னீர்க் கிருமியொன்று உவர்க்கடலைத் தானாகக் கடந்து ஒரு தீவை அடைவது அரிது. ஆதலால் அலங்கார மீன் வியாபாரத்தின் வழியே அது வந்திருக்கலாம் என்ற சந்தேகம் ஆராய்ச்சியாளரிடையே எழுந்தது. அது சந்தேகமாகவே இருக்கட்டும். ஆயினும், ஒரு பொலித்தீன் பைக்குள் அடைபட்ட சிறிதளவு நீர் எதனையெல்லாம் எவ்வளவு தூரம் சுமந்து செல்லக்கூடும் என்பதைச் சிந்திக்காமல் புதுமீனை வீட்டுக்குக் கொண்டுவருகின்றவர், தமது தொட்டியை மாத்திரமன்றி, அத்தொட்டியின் கழிநீர் சென்று சேரும் வாய்க்கால், குளம், வாவி அனைத்தையும் பணயம் வைக்கிறார் என்பதை இந்த அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது முறை.

புதிதாக வாங்கிய மீனைப் பழைய மீன்களோடு சேர்க்கும் முன்னர் ஏறத்தாழ நான்கு வாரம் தனியே வைத்துப் பார்க்கும் சிறு தொட்டியையே இங்கு ஒதுக்குத் தொட்டி என்கிறோம். அதன் பிரதான காரியம் பார்வை. சிகிச்சை இரண்டாம் பட்சம். இதனை உணராமல், மீன் வந்து இறங்கிய அன்றே நீலம், பச்சை, மஞ்சள் என்று கடையில் உள்ள மருந்துகளையெல்லாம் வரிசையாக ஊற்றி, "முன்னெச்சரிக்கையாகச் செய்கிறேன்" என்று கூறுவோர் நம்மில் அநேகர். நோய் இன்னதென்று அறியுமுன் கொடுக்கும் மருந்து, ஏற்கெனவே பிரயாணத்தால் நலிந்த மீனை மேலும் நலிவிப்பதோடு, மெதிலீன் நீலம் போன்றவை வடிகட்டியில் குடியிருக்கும் நன்மை செய்யும் பக்டீரியாவையும் கொன்றுவிடும். அதனால் நீர் கெட்டு மீன் சாகும்போது, மருந்து போதவில்லை என்று எண்ணி இன்னும் ஊற்றுவார்கள். இந்த வழக்கத்தை நான் எவ்வகையிலும் ஆதரிப்பதில்லை.

முதல் தொட்டியை இப்போதுதான் அமைத்திருப்பவருக்குத் தனியான ஒதுக்குத் தொட்டி வேண்டியதில்லை. பாதுகாக்க வேண்டிய பழைய மீன் எதுவும் இல்லாதபடியால் அந்தத் தொட்டியே ஒதுக்குத் தொட்டியாகிவிடுகிறது. இரண்டாம் முறை மீன் வாங்கும் நாளிலிருந்துதான் இவ்வத்தியாயம் அவருக்குப் பயன்படும்.

கப்பி, மொலி, பிளாட்டி, பைற்றர் போன்ற சிறுமீன்களுக்கு இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி தாராளமாகப் போதும். அதனைச் சென்ரிமீற்றரில் 60, 30, 30 என்று கொண்டு, விளிம்புக்குக் கீழே சிறிது இடம் விட்டு 25 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் நிரப்பினால், மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுக்கும்போது 45 லீற்றர் என்ற கணக்கு வரும். இந்த 45 என்ற எண்ணைத் தொட்டியின் பக்கத்தில் அழியாத மையால் எழுதி, நீர்மட்டத்துக்கு ஒரு கோடும் இட்டுவைத்தால், உப்போ மருந்தோ அளக்க நேரும் அவசரத்தில் உத்தேசமாகப் போட்டுக் கெடுக்காமல் தப்பலாம். இத்தகைய தொட்டியில் பத்துக் கப்பி மீன்களுக்கு மேல் வைப்பது விவேகமன்று. உள்ளங்கையளவு வளர்ந்த தங்கமீன் சோடியாயின் மூன்றடித் தொட்டியே தகும். அவை உண்பதும் மிகுதி, கழிப்பதும் மிகுதி.

மீன் சந்தையில் ஐஸ் நிரப்பி அனுப்பும் ரெஜிபோம் பெட்டியில் வைத்தால் ஆகாதா என்று கேட்பவர் உண்டு. வெப்பம் சட்டென்று ஏறி இறங்காமல் காக்கும் நற்குணம் அதற்கு உண்டு. கழுவிக் காயவைத்தால் அவசரத்துக்கு உதவும். ஆனால் மேலிருந்து பார்க்கலாமே தவிரப் பக்கத்திலிருந்து பார்க்க முடியாது. வயிற்றின் ஒடுக்கம், செவுளின் அசைவு, மலவாயில் தொங்கும் புழு ஆகிய அனைத்தும் பக்கவாட்டிலேயே புலப்படும் ஆதலால், பார்ப்பதற்கென்று வைக்கும் பாத்திரம் பார்க்கக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்ற ஒரே நியாயத்தால் கண்ணாடியை நான் விரும்புகிறேன். அந்த ரெஜிபோம் பலகையை வெட்டித் தொட்டியின் அடியில் மெத்தையாக இடுவது நல்ல உபயோகம்.

அடித்தளத்தில் மணலோ கல்லோ இடவேண்டாம். வெறுங் கண்ணாடி அழகற்றதுதான். எனினும் மலத்தின் நிறத்தையும் உண்ணாமல் விட்ட தீனியையும் அதில்தான் காணலாம், நோய்க்கிருமியின் கூடுகளையும் அதிலிருந்துதான் குழாயால் உறிஞ்சி எடுக்கலாம். மீனுக்கு மறைவிடம் வேண்டுமே என்றால், நம் பகுதியில் அதற்குப் பஞ்சமில்லை: எருமைத் தயிர் வாங்கிய மண்சட்டி எந்த வீட்டின் பின்புறத்திலும் கிடக்கும். சவர்க்காரம் படாத சட்டியாகத் தேர்ந்து, சூடான நீரில் கழுவி, விளிம்பை ஓரிடத்தில் உடைத்துக் கவிழ்த்துவைத்தால் மீனுக்கு அது மாளிகை. பிவிசி குழாய்த் துண்டும் ஆகும். தொட்டியின் மூன்று பக்கங்களுக்குக் கறுப்புக் கடதாசி ஒட்டிவிட்டால் மீனின் பயம் வெகுவாகத் தணியும்.

இனித் தண்ணீர். 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய எழுவான்கரை மணலில் ஆழமின்றியே கிணறு ஊறும். ஆயின் அந்த நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் மழை சேர்த்துவைத்த ஒரு படலமே. மாரியில் கிணறு நிரம்பி நிற்கையில் உப்பும் கடினத்தன்மையும் குறைந்திருக்கும் அந்நீர், கச்சான் காற்று வீசும் ஆடி ஆவணி மாதங்களில், மோட்டர் போட்டு இறைக்க இறைக்க உவர்த்து, கடினமேறி, அதே வீட்டின் அதே கிணற்றிலிருந்து எடுத்ததா என்று ஐயுறும்படி மாறிவிடும். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் ஏறி வந்தபோது கரையோரக் கிணறுகள் உப்பாகிப்போனதையும், அதன்பின் வந்த மாரி மழைகள் மெல்ல மெல்ல அவற்றைக் கழுவித் தந்ததையும் கண்டவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் உவர்ப்பின் தொல்லை குறைவு. ஆயினும் வயலை அடுத்த கிணறாயின் களைநாசினியும் பூச்சிநாசினியும் தெளிக்கும் காலத்தில் அதன் நீரைத் தொடாதிருத்தல் நலம். உன்னிச்சைக் குளத்திலிருந்து எடுத்து வவுணதீவில் சுத்திகரித்து வரும் குழாய்நீர் உவர்ப்பற்றது. ஆனால் அதில் குளோரின் உண்டு. வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றிக் காற்றூதியை ஓடவிட்டு ஒருநாள் வைத்தால் குளோரின் அகன்றுவிடும். அவசரமாயின் மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சொல்லிய அளவில் சேர்க்கலாம்.

எந்த நீரைக் கொள்வது என்று கேட்டால், பிரதான தொட்டியில் எந்த நீர் உண்டோ அதே நீரை என்பதே விடை. நான்கு வாரத் தனிமையானது நோயைக் காண்பதற்கு மாத்திரமன்று; கொழும்பிலோ குருநாகலிலோ வேறொரு நீரில் வளர்ந்த மீன் நம் வீட்டு நீருக்குப் பழகிக்கொள்ளும் அவகாசமும் அதுவே. இரு தொட்டிக்கும் வேறு வேறு நீரை ஊற்றினால் அந்த அவகாசம் வீணாகும்.

மாரிகாலத்தில் மற்றோர் அபாயம் உண்டு. வெள்ளம் வடிந்தபின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களின் ஏற்பாட்டில் கிணறுகளுக்குக் குளோரின் இடுவார்கள். மக்களின் ஆரோக்கியத்துக்கு அது அத்தியாவசியம், ஆனால் அந்த வாரத்தில் அறியாமல் அள்ளி ஊற்றிய ஒரு வாளி நீரே ஒரு தொட்டி மீனை முடித்துவிடும். கார்த்திகை பிறக்குமுன்னரே மூடியுள்ள பீப்பாயொன்றில் நூறு லீற்றர் நல்ல நீரைச் சேமித்து வைத்திருப்பவர் அக்காலத்தை நிம்மதியாகக் கடப்பார்.

மீன் கழிக்கும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்ற பக்டீரியாக்கள் குடியேறுவதற்குப் புதுத் தொட்டியில் நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். ஒதுக்கத்தின் காலமே நான்கு வாரம். அதாவது, வெறும் புது வடிகட்டியோடு தொடங்குபவர், பக்டீரியா வந்து சேருமுன் மீனை வெளியே எடுத்துவிடுவார். இடைப்பட்ட நாள் முழுதும் மீன் தன் கழிவிலேயே மூச்சு விட்டிருக்கும். இதற்குள்ள உபாயம் மிக எளிது: காற்றூதியால் இயங்கும் சாதாரண கடற்பஞ்சு வடிகட்டியை இரண்டாக வாங்கி, ஒன்றை எப்போதும் பிரதான தொட்டியின் மூலையில் ஓடவிட்டிருந்து, புதுமீன் வரும் நாளில் அதனைத் தூக்கி ஒதுக்குத் தொட்டியில் வைத்தால், குடியேறிய பக்டீரியாவோடு அது வேலையைத் தொடரும். தவணை முடிந்தபின் அதனைத் திரும்பப் பிரதான தொட்டிக்குக் கொண்டுசெல்லலாகாது; கொதிநீரில் இட்டு, காயவைத்து, புதிதாகத் தொடங்குக. அமோனியாவின் நச்சு நீரின் தன்மையைப் பொறுத்தது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். 30 பாகை வெப்பத்தில், பிஎச் 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான பங்கே நச்சு வடிவில் இருக்கும்; பிஎச் 8 ஆனால் அது ஏறத்தாழ ஒன்பது பத்து மடங்காகும். கோடையில் கடினமும் அதனோடு பிஎச்சும் ஏறும் கிணற்று நீரை உபயோகிப்போர் மூன்று நாளைக்கு ஒருமுறையேனும் மூன்றிலொரு பங்கு நீரை மாற்றவேண்டியதன் காரணம் இதுவே.

மேனாட்டு நூல்களில் ஒதுக்குத் தொட்டிக்கு வெப்பமூட்டி இன்றியமையாதது என்று எழுதியிருப்பார்கள். நமக்கு மார்கழி இரவுகள் சிலவற்றைத் தவிர அதற்கு வேலையில்லை. நம்முடைய கவலை வெப்பம் மிகுவதே. 25 பாகையில் ஒரு லீற்றர் நன்னீர் எட்டு மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஒட்சிசனைத் தாங்கும், 30 பாகையில் ஏழரையளவே தாங்கும். மீனோ வெப்பத்தில் அதிகமாக மூச்சு வாங்கும். ஆகவே தொட்டியை மேற்கு யன்னலிலிருந்து விலக்கி, வீட்டின் குளிர்ந்த அறையில் வைத்து, காற்றூதியை இராப்பகலாக ஓட்டுக. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாதிருந்த நிலையை நினைவில் கொண்டு, மின்கலத்தில் ஓடும் சிறு காற்றூதி ஒன்றை வாங்கிவைப்பது பணத்துக்குப் பெறுமதியான காரியம்.

கொழும்பிலிருந்து உதயதேவி ரயிலிலோ இரவு பஸ்ஸிலோ வரும் மீன் எட்டு ஒன்பது மணி நேரம் பைக்குள் அடைபட்டிருக்கும். அந்நேரத்தில் அமோனியா சேர்ந்திருந்தாலும், மீன் விடும் கரியமிலவாயு நீரின் பிஎச்சைத் தாழ்த்தி அதன் நச்சை அடக்கி வைத்திருக்கும்; பையைத் திறந்து காற்றுப் பட்டதும் வாயு வெளியேற, பிஎச் ஏற, அடங்கியிருந்த நச்சு தலைதூக்கும். எனவே, நீண்ட தூரம் வந்த மீனை, திறந்த பையில் மணிக்கணக்காக வைத்துச் சொட்டுச் சொட்டாக நீர் சேர்க்கும் முறை இங்கு பொருந்தாது. பையைத் திறக்காமல் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, வெப்பம் சமனானதும் திறந்து, மீனை வலையால் எடுத்துத் தொட்டியில் விடுக. பையின் நீர் ஒரு துளியும் உள்ளே போகக்கூடாது. விளக்கை அணைத்துவிடுங்கள், அன்று தீனி வேண்டாம்.

அதன்பின் பார்வைதான் வேலை. காலையும் மாலையும், தீனி போடுமுன் சிறிது நேரம் அமைதியாக அமர்ந்து நோக்குக. உப்புத் தூவினாற்போல உடலில் வெண்புள்ளிகள் தோன்றினால் அது 1876இல் பூக்கே என்பவர் பெயரிட்டு விவரித்த இக்தியோஃப்தீரியஸ் என்னும் ஒட்டுண்ணி. புள்ளியாக மீனின் தோலுக்குள் இருக்கையில் எம்மருந்தும் அதனைத் தொடாது. முற்றி விழுந்து, அடித்தளத்தில் கூடுகட்டி, நூற்றுக்கணக்காகப் பிளந்து நீந்தும் குஞ்சுகளாக வெளிவரும் நேரத்தில்தான் அது வசமாகும். குளிர்தேசங்களில் வாரக்கணக்காக இழுக்கும் இச்சுற்று நம் வெப்பத்தில் நான்கைந்து நாளில் முடிவதால், நான்கு வாரத்தில் பல சுற்றுகள் கழிந்துவிடும். நோய் உள்ளே இருந்தால் வெளிப்படாமல் போகாது. இந்த ஒரு விஷயத்தில் நமது சீதோஷ்ணம் நமக்குத் துணை. மறுபுறம், வாயிலும் முதுகிலும் பஞ்சு படர்ந்தாற்போலக் காட்டும் கொலம்னாரிஸ் என்ற பக்டீரியா நோய் வெப்பத்தில் தீவிரமடைந்து, ஓரிரு நாளிலேயே கப்பிகளைக் கொண்டுபோகும். இதனைப் பூஞ்சணமென்று மயங்கி நீரைச் சூடேற்றுவது கேடு. கப்பியின் மலவாயில் சிவந்த நூல் போல எட்டிப் பார்ப்பது கமலானஸ் புழு. அதற்கு லெவமிசோல் என்ற புழுக்கொல்லியை மிருக வைத்தியரின் ஆலோசனையோடு பயன்படுத்துவது உசிதம். மலம் வெண்ணூலாக இழுபடுதல், செட்டையை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்றல், சட்டியின் விளிம்பில் உடலைத் தேய்த்தல் ஆகியவற்றையும் திகதியிட்டுக் குறித்துக்கொள்க. நோய் ஒன்று தோன்றிக் குணமானால் நான்கு வாரக் கணக்கு குணமான நாளிலிருந்து மீண்டும் தொடங்கும்.

மருந்துகளுள் நான் துணிந்து சிபார்சு செய்வது உப்பு ஒன்றே. லீற்றருக்கு இரண்டு கிராம் வீதம் 45 லீற்றருக்குத் தொண்ணூறு கிராம். அதனை வேறு பாத்திரத்தில் கரைத்து, ஒருநாள் முழுவதிலுமாகப் பகுதி பகுதியாகச் சேர்க்க வேண்டும். எழுவான்கரைக் கிணற்று நீரில் உப்பு முன்னரே இருப்பதால் கோடையில் அளவைக் குறைக்கலாம். நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. ஆகவே குறைந்த மட்டத்தை நிரப்ப உப்பில்லா நீரை ஊற்றி, மாற்றிய நீரின் பங்குக்கு மாத்திரம் புதிதாக உப்பிடுக. கொறிடோராஸ் போன்ற கெளுத்தியினங்கள் உப்பைப் பொறுக்கமாட்டா. உப்புக்குப் பதிலாக வாசலில் கிடக்கும் வாவி நீரையே மொண்டு ஊற்றினால் என்ன என்ற யோசனை நம்மூரில் அடிக்கடி எழும். முகத்துவாரம் மண்மூடிக் கிடக்கையில் ஓர் உவர்ப்பு, மாரியில் அது வெட்டுண்டு திறந்தபின் வேறோர் உவர்ப்பு, தென்பகுதியில் ஒன்று, கல்லடியில் மற்றொன்று என்று இருக்கும் நீரை அளந்து ஊற்ற முடியாது. அன்றியும், காட்டு மீனின் கிருமிகளை விலைகொடாமலே வீட்டுக்குள் அழைக்கும் செயல் அது.

வாய்க்காலில் பிடித்த மீனுக்கு நான்கு வாரம் போதாது. ஆறு வாரம் வைக்கவேண்டும். கடையில் வாங்கிய செடியும் நத்தையும் மீனில்லாத வாளியில் அவ்வளவு காலமே இருக்கட்டும். செடியை, கொண்டிஸ் என்று நம்மவர் சொல்லும் பொட்டாசியம் பெர்மங்கனேற்றின் இளஞ்சிவப்புக் கரைசலில் பத்து நிமிஷம் தோய்ப்பதும் நன்று.

வலை, குழாய், வாளி ஆகியன ஒதுக்குத் தொட்டிக்கென்று தனியே இருக்கவேண்டும். இயன்றால் தொட்டியே வேறு அறையில் இருக்கட்டும். தினமும் முதலில் பிரதான தொட்டியின் வேலையை முடித்து, கடைசியிலேயே இதற்கு வருக. முறை மாறினால் ஒதுக்கியதன் பயன் இல்லை. கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை அவசியம்: மீனுக்குக் காசம் போன்ற நோயைத் தரும் மைக்கோபக்டீரியம் மரைனம் மனிதரின் தோலிலும் மாதக்கணக்கில் ஆறாத கட்டிகளை உண்டாக்கும். தொட்டியின் வாயை நுண்வலையால் மூடுக. மீன் துள்ளி விழாதிருக்கவும், நுளம்பு முட்டையிடாதிருக்கவும் அது வேண்டும். மீன் இல்லாத காலத்தில் நீரைக் கொட்டிக் காயவைத்துக் கவிழ்த்துவிடுவது நல்லது. டெங்கு மலிந்த நம் மாவட்டத்தில், 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி நுளம்பு பெருக இடங்கொடுப்பது குற்றமுமாகும்.

ஒதுக்குத் தொட்டியில் இறந்த மீனை வாவியில் வீசாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். கழிநீரைக் கிணற்றிலிருந்து விலகிய தென்னையின் அடியில் ஊற்றுங்கள். உப்பு மிகுந்திருந்தால் இளங்கன்றுக்கு வேண்டாம். சலித்துப்போன மீனையோ பெருத்துவிட்ட மீனையோ குளத்தில் விடுவது புண்ணியம் என்று எண்ணவேண்டாம். இலங்கைக் குளங்களில் இன்று வலைகளில் சிக்கும் கத்திமீனும், தொட்டியைத் துப்புரவாக்கும் என்று சொல்லி விற்கப்பட்ட முட்தோல் கெளுத்தியும் அலங்கார மீன் வியாபாரத்தால் வந்து சேர்ந்தவையே. வேண்டாத மீனைக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள். விலை தராவிட்டாலும் அநேகர் வாங்கிக்கொள்வர்.